கதிர் முற்றும் வரை

காஞ்சி மாநகர் என்றவுடன் வெளியூரார் நெஞ்சில் எழுவன இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று கோயில். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதனை உள்ளூரார் தவிர வேறெவரும் அவ்வளவாக எண்ணுவதில்லை. அதுதான் ஏரி. நகரின் எல்லையைக் கடந்து உத்திரமேரூர்ப் பக்கம் சற்றே சென்றால், கரையும் மதகும் கலங்கலும் கண்ணிற்படும். அவற்றின் கீழே நன்செய் விரிந்து கிடக்கும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இந்நாட்டில், ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி நெல் விளைவித்தவை இவ்வேரிகளே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையால் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த முறையைச் சொல்கின்றன. அங்கே ஏரியைக் காக்கவென்றே ஆறு பேர் கொண்ட ஒரு வாரியம் இருந்தது. நீரின் அருமையும் நெல்லின் அருமையும் அறிந்த மக்கள் வாழ்ந்த மண் இது.

நாம் இந்நகரில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதையும், பள்ளியில் தமிழ் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்டவர். ஆயினும் தந்தையார் விட்டுச் சென்ற சிறு நன்செய் ஒன்று ஏரியின் கீழே உண்டு. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் நெடுங்காலமாக அதனை வாரத்துக்குப் பயிரிட்டு வருகிறார். விடுமுறை நாட்களில் வரப்பில் நின்று அவர் சொல்லக் கேட்டவையும், வேளாண்மை நூல்களிற் படித்தவையும் சேர்ந்து, ஒரு நெல்மணி விதையாக மண்ணில் விழுந்து மீண்டும் நெல்லாகக் களத்துக்கு வரும் வரலாற்றை நமக்கு ஒருவாறு விளக்கின. அவ்வரலாற்றில், பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

விதையிலிருந்து தொடங்குவோம். அறுவடையான உடனே எல்லா நெல்லும் முளைத்துவிடுவதில்லை. பல வகை நெல்லுக்குச் சில வாரங்கள் உறக்கம் உண்டு. ஈரம் பட்டாலும் அது அசையாது. உரிய காலம் வந்த பிறகே கண் விழிக்கும். அவ்வுறக்கம் இல்லையேல், அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே மணிகள் முளைத்துப் பாழாகும். அடுத்து, விதைக்கும் முன் பொறுக்கியெடுக்கும் வேலை. ஒரு கோழிமுட்டை மேலே மிதந்து காசளவு தலை காட்டும் வரை நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டுவார்கள். கனத்த மணி அடியிற் படியும். உள்ளீடு குறைந்தது மிதக்கும். மிதந்ததை நீக்கி, படிந்ததை நல்ல நீரில் அலசி, ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் முளை கட்டும். இங்கே ஒரு விந்தை காணலாம். விதை நீரில் மூழ்கிக் கிடந்தால் குருத்து முன்னே வரும். காற்றுப் படும் இடத்தில் கிடந்தால் வேர் முன்னே வரும். மூச்சு முட்டுகிற பிள்ளை முதலில் தலையைத் தூக்குவதுபோலவே இது.

முளைத்த விதை நாற்றங்காலுக்குச் செல்கிறது. ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும் என்பர். ஏறத்தாழ மூன்று இலை விடும் வரை, அச்சிறு பயிர் மண்ணை நம்பி வாழ்வதில்லை. விதைக்குள் தாய் வைத்துச் சென்ற உணவையே உண்டு வளர்கிறது. அதன் பிறகுதான் வேர் தானே தேடி உண்ணக் கற்கிறது. நாற்றைப் பறித்து நடுவதற்கும் ஒரு வயது உண்டு. மாதத்துக்கு ஒரு வாரம் என்பது உழவர் வாய்பாடு. மூன்று மாத நெல்லுக்கு மூன்று வார நாற்று. நான்கு மாத நெல்லுக்கு நான்கு வார நாற்று.

இவ்வாய்பாட்டை மீறினால் என்னவாகும்? ஏரியில் நீர் இல்லாமலோ, நடவுக்கு ஆள் கிடைக்காமலோ, குறுகிய கால நெல்லின் நாற்று நெருக்கமான நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிடுவதுண்டு. பிறகு அதனை நட்டால், வேர் ஊன்றித் தழைக்க அதற்குக் காலம் இராது. நட்ட சில நாட்களிலேயே கதிர் தள்ளத் தொடங்கிவிடும். பார்ப்பவர், "ஆகா, எவ்வளவு சீக்கிரம் கதிர் வந்துவிட்டது!" என்று மகிழலாம். களத்தில் மரக்கால் எடுத்து அளக்கும்போதுதான் அதன் உண்மை தெரியும்.

நட்ட பயிர் பச்சை பிடித்தபின் வருவது தூர் கட்டும் பருவம். ஐந்தாம் இலை வரும் அளவில், தாய்த் தண்டின் இலையிடுக்குகளிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கின்றன. ஒரு நாற்று ஒரு குடும்பமாகிறது. இப்பருவத்துக்கு வேண்டியவை இடம், வெளிச்சம், அளவான நீர். மடகாஸ்கர் தீவில் வாழ்ந்த ஹென்றி த லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 1983இல், வழக்கத்துக்கு மாறாக மிக இளைய நாற்றை ஒவ்வொன்றாக, அகல இடைவெளியில் நட்டுப் பார்த்தார். அம்முறையே நம் மாநிலத்தில் "செம்மை நெல் சாகுபடி" என்று வழங்குகிறது. பதினான்கு நாள் நாற்று; ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி. நன்கு பராமரித்த வயலில் ஒரே நாற்று முப்பது தூருக்கு மேலும் கட்டுவதுண்டு. விதை மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. இளமைக்கு இடம் கொடுத்தார்கள், அவ்வளவே.

அரபு மொழியில் இப்பக்கத் தண்டுக்கென்றே ஒரு சொல் உண்டு. "ஷத்உ" என்பது அது. திருமறையின் ஃபத்ஹ் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் வரும் பயிர் உவமையில் அச்சொல் இடம்பெறுகிறது. "முளை" என்று பொதுவாகச் சொல்லிச் செல்வோரும் உளர். தூர் கட்டிய வயலைப் பார்த்த பிறகு, "தூர்" என்னும் தமிழ்ச் சொல்லே அதற்கு மிக நெருங்கி நிற்பதாக நமக்குத் தோன்றியது. நிலத்தை உழுபவனுக்கு அரபியர் இட்ட பெயர் "ஃபல்லாஹ்". நாள்தோறும் ஐந்து வேளை பாங்கொலியில் நாம் கேட்கும் "ஃபலாஹ்", அதாவது வெற்றி என்னும் சொல்லும், அதே வேரிலிருந்து பிறந்ததே. உழவும் வெற்றியும் ஒரு தாய் வயிற்றுச் சொற்களாய் இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி, நாம் முன்னே சொன்ன கணக்குக்கு வருவோம். தூர் கட்டி முடிந்ததும், தண்டின் அடியில், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், கதிர் கருக்கொள்கிறது. அப்போது அது கடுகளவுகூட இராது. அன்றிலிருந்து அது வளர்ந்து, தண்டு பருத்துச் சூல் கட்டி, கண்ணாடி இலை விரிந்து, கதிர் வெளிவந்து பூப்பதற்கு ஏறத்தாழ 35 நாள். பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள். நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் இவ்விரண்டும் எந்த நெல்லுக்கும் பெரிதும் மாறுவதில்லை. 1966இல் வெளிவந்து நம் வயல்களிலெல்லாம் புகுந்த ஐ.ஆர்.8 ஏறத்தாழ 130 நாள் நெல். அதில் 35ஐயும் 30ஐயும் கழித்தால் எஞ்சுவது 65 நாள். நம் மாவட்டத்தில் வழங்கும் சொர்ணவாரிப் பருவத்தில் விதைக்கும் 105 நாள் நெல்லில் எஞ்சுவது 40 நாள். எஞ்சுகிற அந்நாட்கள் யாவும் இளமையின் நாட்கள். ஆக, நெல்லுக்கு நெல் நீளுவதும் குறைவதும் இளமை ஒன்றே. கருக்கொண்ட பிறகு எல்லா நெல்லுக்கும் ஒரே காலம்; அங்கே கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது.

பழைய சம்பா நெல் வகைகளில் பல இவ்விளமையைத் தாமே அளந்துகொண்டன. காஞ்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. நாம் அதனைக் கவனிப்பதுகூட இல்லை. அந்நெல் கவனித்தது. பகல் குறுகத் தொடங்கும் வரை தழைத்துக்கொண்டே இருந்து, குறுகியதை உணர்ந்தபின் கருக்கொண்டது. முன்பின்னாக விதைத்த வயல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்து, மழை ஓய்ந்தபின் தை மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வந்தன.

விளைச்சல் எங்கே முடிவாகிறது என்பதையும் பார்த்தால் இக்கணக்கின் பொருள் தெளியும். எத்தனைக் கதிர் என்பது தூர் கட்டும் பருவத்தில் முடிவாகிறது. ஒரு கதிரில் எத்தனை மணிக்கு இடம் என்பது கரு வளரும் பருவத்தில் முடிவாகிறது. ஒரு மணி எவ்வளவு பெரிதாகலாம் என்பதும் பூக்கும் முன்னரே முடிவாகிறது. ஏனெனில் உமி அப்போதே அளவெடுத்து அமைந்துவிடுகிறது, அரிசி அந்த உமிக்குள்தான் வளர்ந்தாக வேண்டும். பூத்த பிறகு எஞ்சுவது நிரம்புவதா, பதராவதா என்னும் ஒன்றே. வயல் பொன்னிறமாகத் தோன்றும் நாளில் நாம் கண்டு வியப்பது, வெறும் பச்சையாக, ஒன்றும் இல்லாததுபோலத் தோன்றிய நாட்களில் தீர்மானிக்கப்பட்டதையே.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நவரைப் பயிர் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மிடம் ஓதும் பிள்ளைகள் பன்னிருவரை அவ்வயலுக்கு அழைத்துச் சென்றோம். பட்டறையும் கடைவீதியும் அறிந்த பிள்ளைகள், நெற்பூவைக் கண்டதில்லை. பெரியவர் அவர்களை வரப்பில் வரிசையாக அமரச் செய்து, "வெயில் ஏறட்டும், பாருங்கள்" என்றார். காலை பத்து மணியளவில் உமிகள் மெல்ல வாய் திறந்தன. வெண்மையும் இளமஞ்சளுமான மகரந்தப் பைகள் வெளியே தொங்கின. ஒரு பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மகரந்தத்துக்கு உயிர் இருப்பதோ சில நிமிடங்களே. அதற்குள் தன் பூவிலேயே தான் சேர்ந்து, உமி மூடிக்கொள்கிறது. பின் திறப்பதே இல்லை. அந்த நேரத்தில் பெருமழையோ பெருங்காற்றோ வந்தால் அந்த மணி பதர். பிள்ளைகள் பேச்சடங்கிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவர்களுள் ஒருவன், எட்டாம் வகுப்புப் படித்தவன், கேட்டான்: "ஹஜரத், இதைச் சீக்கிரமா விளைய வைக்க முடியாதா?" பெரியவர் நம்மை முந்திக்கொண்டார். "முடியும் தம்பி. நாற்றிலேயே முற்றவிட்டு நட்டால் சீக்கிரம் வரும். உங்க பாய்கிட்ட கேளு, அந்த வருஷம் எத்தனை மூட்டை வந்துச்சுன்னு." எல்லோரும் சிரித்தனர். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் நாம் அறிந்ததே. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை, எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்நாட்களில் அவன் தந்தைக்கு வேலை இல்லை. வெளியூர்க் கடைக்காரர் ஒருவரிடம் இருபதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். பள்ளி முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் பையனை அங்கே வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு. தந்தையே நம்மிடம் வந்து, "நாலு எழுத்து தெரிஞ்சுடுச்சு ஹஜரத், போதும். இனி சம்பாதிக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். அவர் கொடியவர் அல்லர், கடன்பட்டவர்.

இவ்வூருக்கு இது புதிய கதையும் அன்று. காஞ்சிப் பட்டில் கோர்வைக் கரை நெய்வதற்குத் தறியின் ஒரு பக்கம் துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகளே அமர்ந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகவே பலர் அமர்ந்தனர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும் அது மறையவில்லை. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு பட்டுத் தொழிலில் அடகுண்ட பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சியின் பெயரும் இருந்தது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாயிலும் வைத்தது. இன்று நாம் அறிந்த தெருக்களில் தறியில் பிள்ளைகளைக் காண்பது அரிது. தறி போய்க் கடை வந்திருக்கிறது. முன்பணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வயலில் பச்சையாக நிற்கும் பயிரை விலை பேசிப் பணம் வாங்கிக்கொள்வதும் உலக வழக்கே. கையில் காசில்லாத உழவன் செய்வது அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கதிர் வெண்மையுற்று, கேட்டுக்குத் தப்பியது என்னும் நிலையை அடையும் முன் அதனை விற்பதைத் தடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களிற் காண்கிறோம். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத வாணிபம் அது என்று சட்ட அறிஞர்கள் விளக்குவர். ஒரு வயலின் பச்சைக் கதிருக்கே இத்தனைப் பாதுகாப்பு வேண்டுமாயின், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நிலை என்ன? அவனுள் என்ன கருக்கொண்டிருக்கிறது என்பதைத் தந்தையும் அறியார், கடைக்காரரும் அறியார். இருவரும் விலை பேசி முடித்துவிட்டனர். இதனையே நாம் அத்தந்தையிடம் சொன்னோம். அவர் தலை குனிந்து, "பணத்துக்கு என்ன செய்வேன்?" என்றார். அக்கேள்வி நியாயமானது. விடை சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்வது முறையன்று.

விடை அறுவடையில் இருந்தது. பூத்த கதிர் முதலில் பால் பிடிக்கிறது. நசுக்கினால் வெண்பால் வரும். பிறகு அப்பால் மாவாகத் திரண்டு, மணி இறுகுகிறது. இறுதியாகப் பச்சை மாறிப் பொன்னிறம் கொள்கிறது. அறுவடைக்குப் பத்து நாள் முன்னே வயலின் நீரை வடிப்பர். நூற்றுக்கு எண்பது மணி மஞ்சளானால் அரிவாள் வைக்கலாம். ஷாஃபிஈ சட்ட நூல்கள், மணி இறுகும் அந்தப் பருவத்திலேயே ஜகாத் கடமையாகிறது என்று குறிக்கின்றன. கொடுப்பது அடித்துத் தூற்றிய பின்னர். தானாகப் பாயும் நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று; உழைப்பும் செலவும் கொண்டு இறைத்த நீரில் விளைந்ததற்கு இருபதில் ஒன்று. மற்றத் தானியத்துக்கு ஐந்து வஸக் அளவு சேர்ந்தால் கடமை. உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்கோ பத்து வஸக் என்று அந்நூல்கள் நெல்லைப் பெயர் குறித்தே பேசுகின்றன. உமியின் கனத்தையும் மறவாத நுட்பம் அது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையாருள் கடன்பட்டோரும் ஒரு வகையார்.

அவ்வாண்டு நவரைப் பயிர் மோட்டார் நீரில் விளைந்தது. எனவே இருபதில் ஒன்று. நம் பங்கின் ஜகாத்தை விற்று வந்த தொகை சிறியதே. ஜமாஅத்தில் வேறு சிலரும் தத்தம் ஜகாத்திலிருந்து சேர்த்தனர். முன்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பையன் பள்ளியிலேயே இருந்தான். 2024இல் பத்தாம் வகுப்பில் தேறினான். முதல் மாணவனாகத் தேறினான் என்று சொல்ல நமக்கும் ஆசைதான்; நடுத்தரமாகவே தேறினான். அதனால் என்ன? அவன் இப்போது தூர் கட்டும் பருவத்தில் இருக்கிறான். எத்தனைக் கதிர் என்று எண்ணுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதே ஆண்டில் வேறு ஒரு பிள்ளை நமக்குத் தெரியாமலேயே வேலைக்குச் சென்றுவிட்டான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவன் இருக்கை காலியான பிறகே செய்தி நமக்கு எட்டியது.

வாசகப் பெருமக்களே! வீட்டுக்கு வீடு வறுமை வேறு, வசதி வேறு. வறியவர் பிள்ளையை முன்பணத்துக்கு அனுப்புகிறார். வசதியுள்ளவரோ, ஐந்து வயதிலேயே மூன்று தனி வகுப்புகளில் அமர்த்தி, பத்து வயதில் பரிசுகளோடு மேடையேற்றி, எல்லாம் சீக்கிரம் வர வேண்டும் என்று துடிக்கிறார். முன்னதைப் பட்டினி செய்விக்கிறது. பின்னதைப் பெருமை செய்விக்கிறது. இரண்டும் நாற்றங்காலிலேயே கதிர் பார்க்க விரும்பும் அவசரந்தான். பிள்ளைப் பருவம் வீணே கழியும் காலமன்று. பின்னே வருகிற எல்லாவற்றின் அளவும் அங்கேதான் முடிவாகிறது. அதற்கு வேண்டியவை நெல்லுக்கு வேண்டியவையே: இடம், வெளிச்சம், அளவான நீர், காத்திருக்கும் ஒருவர்.

களத்தில் நெல்லைக் குவித்ததும் நம் பெரியவர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. வாரமும் கூலியும் கடனும் அளப்பதற்கு முன்னே, நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி வைத்த விதைநெல்லைத் தனியே எடுத்து, நன்கு காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் இட்டுக் கட்டி வைத்துவிடுவார். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அந்த மூட்டையில் கை வைக்க மாட்டார். விதைநெல்லைத் தின்ற குடிக்கு அடுத்த பருவம் இல்லை என்பது அவர் அறிந்தது. நம் வீடுகளிலும் அத்தகைய மூட்டை ஒன்று இருக்கிறது. அது காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. மாலையில் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓத வருகிறது. கடனைப் பிறகு அளப்போம். அதற்குத் துணை நிற்கவே ஜமாஅத்தும் ஜகாத்தும் இருக்கின்றன. முதலில் விதைநெல்லை எடுத்து வைப்போம்.